மூன்று அவரை விதைச் சோதனை: ஒரு விமர்சனம்

பள்ளியில் அறிவியல் படித்த யாருக்கும் இந்தப் படம் மறந்திருக்காது. ஒரு கண்ணாடி பீக்கர், பாதிவரை தண்ணீர். உள்ளே சாய்த்து வைத்த ஒரு ஸ்கேல். அதில் நூலால் கட்டிய மூன்று அவரை விதைகள். மேல் விதை தண்ணீருக்கு வெளியே, நடு விதை சரியாக நீர்மட்டத்தில், அடி விதை முழுக்க தண்ணீருக்குள். சில நாள் கழித்து நடு விதை மட்டும் முளைத்திருக்கும். மேல் விதைக்குக் காற்று இருக்கு, தண்ணீர் இல்லை. அடி விதைக்குத் தண்ணீர் இருக்கு, காற்று இல்லை. நடு விதைக்கு ரெண்டும் இருக்கு. ஆகவே விதை முளைக்கக் காற்றும் நீரும் தேவை. படத்தோடு எழுதினால் முழு மார்க்.

நான் படித்த காலத்தில் இது இருந்தது. இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கும் என் மகளும் இதையே வரைந்துகொண்டிருக்கிறாள். இடையில் பாடத்திட்டம் எத்தனையோ தடவை மாறிவிட்டது, பீக்கர் மட்டும் அசையவில்லை. இவ்வளவு ஆயுள் உள்ள ஒரு சோதனையை யாராவது உட்கார்ந்து விமர்சித்திருப்பார்களா என்று தேடினேன். தமிழில் என் கண்ணில் எதுவும் படவில்லை. சரி, நாமே செய்வோம் என்று இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு பிள்ளைகளுக்கு இது ஒரு மோசமான சோதனை. அதன் முடிவு ஏறக்குறைய சரிதான். ஆனால் கண்ணால் பார்த்ததைவிட புத்தகத்தில் போட்டிருப்பதை எழுதுவதே அறிவியல் என்று ஒன்பது, பத்து வயதிலேயே அது பழக்கிவிடுகிறது. அந்தப் பழக்கம் அப்புறம் லேசில் போவதில்லை.

முதலில் பீக்கருக்குள் நிஜமாக என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அடி விதைக்குக் காற்று இல்லை என்கிறது புத்தகம். அதே புத்தகத்தில் வேறு பாடத்தில், மீன் தண்ணீரில் கரைந்த காற்றைச் செவுளால் சுவாசிக்கிறது என்று இருக்கும். மீனுக்குக் கிடைக்கிற காற்று விதைக்கு மட்டும் ஏன் கிடைக்காது? இதை எந்த வகுப்பிலாவது ஒரு பிள்ளை கேட்டிருக்கும். பதில் சுவாரசியமானது. 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் ஏழரை மில்லிகிராம்தான். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் இருக்கிறது. போதாததற்கு, தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. விதை தன்னைச் சுற்றியிருப்பதை உறிஞ்சிவிட்டால் அடுத்தது வந்து சேர நேரமாகும். அதாவது அடி விதைக்குக் காற்று 'இல்லை' என்பது தப்பு. கொஞ்சம் இருக்கிறது, மெதுவாக வருகிறது.

அதனால் என்ன ஆகும்? பச்சைப்பயறை ராத்திரி ஊறப்போட்டு காலையில் வடிக்க மறந்த எந்த வீட்டிலும் இது தெரியும். சாயங்காலம் பார்த்தால் தண்ணீருக்குள்ளேயே சில பயறுகள் வெள்ளையாக மூக்கு நீட்டியிருக்கும். அதற்கு மேல் வளராது. ரெண்டு நாளில் நுரை கட்டி நாற்றம் அடிக்கும். முளைப்பது தொடங்கி, மூச்சுத் திணறி, அழுகுகிறது. உண்மையிலேயே காற்றில்லாத தண்ணீர் வேண்டுமென்றால் கொதிக்க வைத்து ஆறவிட்டு, மேலே ஒரு படலம் எண்ணெய் விட வேண்டும். சில ஆசிரியர்கள் அப்படிச் செய்வதுண்டு. படத்தில் அந்த எண்ணெய் இருக்காது.

மேல் விதையின் கதையும் அப்படித்தான். நூலில் கட்டியிருக்கிறோம். நூல், விளக்குத் திரி மாதிரி, தண்ணீரை மேலே இழுக்கும். மேல் விதை நனைந்து ஊதிவிடும். நடு விதையோ நீர்மட்டத்தை நம்பி இருக்கிறது. எங்கள் ஊர் வெயிலில் ரெண்டு நாளில் நீர்மட்டம் இறங்கிவிடும், அப்புறம் நடு விதையும் மேல் விதைதான். சனி, ஞாயிறு லீவில் யார் தண்ணீர் ஊற்றுவது?

இதெல்லாம் சில்லறைக் குறைகள் என்று விட்டுவிடலாம். பெரிய குறை எண்ணிக்கையில் இருக்கிறது. நான் தாவரவியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு 'வேலை செய்யுது' என்று சொன்னால் சிரிப்பார்கள். ஓட்டுவதற்கு முன்பே விடையைக் கையால் எழுதி வைத்துவிட்டு, அதோடு பொருந்தவில்லை என்றால் ஓடிய நிரலின் விடையை அழித்துத் திருத்தினால் வேலையை விட்டே அனுப்புவார்கள். மூன்று விதைச் சோதனை இந்த ரெண்டையும் செய்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சான்று விதையாக விற்கும் நெல்லுக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 80 சதவீதம். உளுந்துக்கு 75. இது நல்ல விதையின் கதை. மளிகைக் கடை மொச்சை, அவரையெல்லாம் எந்த வருஷத்து விளைச்சல், எத்தனை பூச்சி துளைத்தது என்று யாருக்கும் தெரியாது. இருந்தாலும் தாராளமாக 80 என்றே வைத்துக்கொள்வோம். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆளுக்கு ஒரு நடு விதை. அதில் எட்டு பிள்ளைகளின் நடு விதை, காற்றும் நீரும் சரியாகவே கிடைத்தும், முளைக்காது. எட்டு பேரும் எந்தத் தப்பும் செய்யவில்லை.

அந்த எட்டு பேர் ரெக்கார்டு நோட்டில் என்ன எழுதுவார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை எனக்கு வீட்டிலேயே கிடைத்தது. என் மகளின் பீக்கரில் (பீக்கர் ஏது, ஹார்லிக்ஸ் பாட்டில்தான்) அடி விதை லேசாக மூக்கு விட்டிருந்தது, நடு விதை ஊதிக் கிடந்தது, அவ்வளவுதான். அவள் அதையே வரைந்து வைத்தாள். பள்ளியில் அதன் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. புத்தகத்தைப் பார்த்து மறுபடி வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் அழகாக, இரண்டு இலையோடு ஒரு நடு விதையை வரைந்துகொண்டு போனாள், 'வெரி குட்' வாங்கினாள். எந்தப் பள்ளி என்பது முக்கியமில்லை. இந்த ஊரிலும் வெளியூரிலும் நண்பர்களிடம் விசாரித்தவரை எல்லா இடத்திலும் இதே கதைதான். 'அப்பா, நம்ம விதை தப்பாப்பா?' என்று அவள் கேட்டதுதான் எனக்கு உறுத்தியது. விதை தப்பாக முளைக்க முடியுமா என்ன?

விதைகளை வைத்துப் பிழைக்கிறவர்கள் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். விதைப் பரிசோதனை நிலையங்களில் ஒரு மாதிரிக்கு 400 விதைகள் எடுக்கிறார்கள், நூறு நூறாக நான்கு தடவை. நெல் என்றால் 14-ம் நாள் கடைசியாக எண்ணுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்தது. முளைத்தது, முளைக்கவில்லை என்று ரெண்டு கட்டத்தோடு அவர்கள் நிறுத்துவதில்லை. இயல்பான நாற்று, இயல்பற்ற நாற்று, கடின விதை, முளைக்காவிட்டாலும் உயிரோடு இருக்கும் விதை, செத்த விதை என்று ஐந்து கட்டங்கள். கடின விதை என்றால் வேறொன்றுமில்லை, சுண்டலில் எவ்வளவு வேக வைத்தாலும் பல்லில் கடுக்கென்று மாட்டுகிற அந்தக் கல்லுப் பயறுதான். அதன் தோல் தண்ணீரையே உள்ளே விடாது. தோலை உப்புத்தாளில் லேசாக உரசிப் போட்டால் ஊறி முளைத்துவிடும். காற்று, தண்ணீர் ரெண்டும் சுற்றிலும் இருந்தும் முளைக்காததற்கு இப்படி ஒரு காரணம் இருக்கிறது என்பதை மூன்று விதைப் படம் சொல்லவே வழியில்லை. என் மகளின் நடு விதை எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்டிருந்தால் ஒரு வகுப்பு முழுக்கப் பேசியிருக்கலாம்.

இன்னொரு வேடிக்கை. வகுப்பில் 40 பேர், ஆளுக்குப் பத்து விதை போட்டால் 400. அரசு நிலையம் எடுக்கும் அதே எண்ணிக்கை. ஆளுக்கு மூன்று விதையைக் கட்டித் தொங்கவிடுவதற்குப் பதிலாகப் பத்து விதையை ஈரத்துணியில் பரப்பி, கரும்பலகையில் எல்லாருடைய எண்ணிக்கையையும் கூட்டினால், ஒரு நான்காம் வகுப்பு ஒரு விதைப் பையின் லேபிளைச் சரிபார்த்துவிடும். சதவீதம் எதற்கு என்று கணக்கு ஆசிரியர் தனியாக விளக்க வேண்டியதும் இருக்காது.

இனி நெல்லுக்கு வருவோம். இங்கேதான் இந்தச் சோதனை நம் மண்ணோடு நேராக மோதுகிறது.

நெய்வேலியில் பிளாக்குகளுக்குள் இருக்கும்வரை வயல் கண்ணில் படாது. அகலமான சாலை, ரெண்டு பக்கமும் மரம், க்வார்ட்டர்ஸ் தோட்டத்தில் பலாவும் முருங்கையும். டவுன்ஷிப் ஆர்ச்சைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் முந்திரி, சேத்தியாத்தோப்பு பக்கம் திரும்பினால் நெல். சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் ஊற்றுநீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுரங்கம் தாங்காது. அந்தத் தண்ணீர் வாலாஜா ஏரிக்குப் போய் பாசனமாகிறது. ஆகவே இங்கே ஒரே வகுப்பில் ஆபரேட்டர் பிள்ளையும், என்ஜினியர் பிள்ளையும், சுற்றுக் கிராமத்து விவசாயி பிள்ளையும் உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, வளர்ந்து நின்ற நெல்வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதை நாடே டிவியில் பார்த்தது. அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு நெல் ஒரு பாடம் இல்லை. வீட்டு விஷயம்.

அந்தப் பிள்ளை வீட்டில் விதை முளைகட்டுவதைப் பார்த்திருக்கும். விதைநெல்லை ஒரு நாள் தண்ணீரில் ஊற வைப்பார்கள். அதற்கு முன் உப்புக் கரைசலில் கொட்டி மிதக்கிற சாவியை அரித்து எடுப்பதும் உண்டு. கரைசல் பதமா என்று பார்க்கக் கோழி முட்டையைப் போட்டு, அது மிதக்கிறதா என்று கவனிப்பார்கள். ஊறியதும் தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி இன்னொரு நாள் இருட்டில் வைப்பார்கள். சாக்கைப் பிரித்துக் கையை உள்ளே விட்டால் கதகதவென்று இருக்கும். முளைக்கிற விதை மூச்சு விடுகிறது என்பதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முதலில் தண்ணீர், அப்புறம் காற்று, ரெண்டும் வரிசையாக. மூன்று விதைச் சோதனை சொல்ல வருவதை அந்த விவசாயி ரெண்டு நாளில் செய்து முடித்துவிடுகிறார். அதையே வகுப்புக்குக் கொண்டு வந்தால் பீக்கரே தேவையில்லை.

சங்கடம் என்னவென்றால், ஸ்கேலில் அவரைக்குப் பதில் நெல்லைக் கட்டினால் முடிவே மாறிவிடும். நெல் தண்ணீருக்குள் முளைக்கும். ஆக்சிஜன் அறவே இல்லாவிட்டாலும்கூட, குருத்தை மூடியிருக்கும் உறை நீண்டுகொண்டே மேலே வரும். வேர் வராது. நீர்மட்டத்தைத் தொட்டு காற்று கிடைத்த பிறகுதான் வேரும் இலையும் ஒழுங்காக வளரும். வயிற்றில் இருக்கும் மாவுச்சத்தை ஆக்சிஜன் இல்லாமலே நொதிக்க வைத்து, கிடைக்கிற கொஞ்ச சக்தியில் ஒரு குழாயை மேலே நீட்டுகிற வித்தை அது. எல்லா ரகத்துக்கும் இது ஒரே அளவு வராது. நேரடி விதைப்பு செய்தவுடன் மழை பெய்து வயல் முழுகினால் நம் விவசாயி தலையில் கை வைப்பது அதனால்தான். மியான்மரின் கவ் லான் ஆன் என்ற பழைய ரகத்துக்கு இந்தத் திறமை அதிகம். அதற்குக் காரணமான ஒரு மரபணுவை 2015-ல் அடையாளம் கண்டு, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மற்ற ரகங்களில் சேர்க்கப் பார்க்கிறார்கள்.

ஆக, 'விதை முளைக்கக் காற்று தேவை' என்று நோட்டில் எழுதும் பிள்ளை வீட்டுக்குப் போனால், அந்த வாக்கியத்துக்கு அடங்காத விதை அதன் வாசலிலேயே கிடக்கிறது. உலகத்து ஆய்வுக்கூடங்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது. நாம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதோ மூடி முத்திரை வைத்த விடை.

இதைவிட நல்ல வழிகள் இல்லாமல் இல்லை. சிபிஎஸ்இ பள்ளிகளில் பல வருஷம் இருந்த என்சிஇஆர்டியின் ஐந்தாம் வகுப்புச் சூழ்நிலையியல் புத்தகத்தில் விதைகளைப் பற்றி ஒரு பாடம் உண்டு. மூன்று கிண்ணம், ஒவ்வொன்றிலும் ஐந்து கொண்டைக்கடலை. ஒன்றில் நிறையத் தண்ணீர், ஒன்றில் ஈரத்துணி அல்லது பஞ்சு, ஒன்றில் ஒன்றுமில்லை. ரெண்டு நாள் கழித்துப் பார். ஸ்கேலும் நூலும் போயே போச்சு. ஒன்றுக்கு ஐந்து என்பதே பெரிய முன்னேற்றம். வீட்டுச் சமையலிலிருந்து தொடங்குவதும் சரி. ஆனாலும் காற்று கிடைக்கிறதா, நீர் கிடைக்கிறதா என்ற அட்டவணைக்குள் பிள்ளையைக் கொண்டு போய் நிறுத்திவிடுகிறது. கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டது. பிள்ளை கட்டத்தை நிரப்பினால் போதும்.

1960-களில் அமெரிக்காவில் ஆரம்பப் பள்ளிக்காக நடந்த இஎஸ்எஸ் என்ற அறிவியல் பாடத்திட்டம் 'விதை வளர்த்தல்' என்று ஒரு தனிப் பகுதியே வைத்திருந்தது. அது தொடங்கும் இடம் எனக்குப் பிரமாதமாகப் பட்டது. பிள்ளைகள் முன் விதைகளும் விதை மாதிரி இருக்கும் வேறு பொருள்களும் கலந்து வைக்கப்படும். எது விதை? நட்டுத்தான் பார்க்க வேண்டும். தப்பான விடை என்று ஒன்று அங்கே கிடையாது, கல்லை நட்டால் கல் முளைக்காது, அவ்வளவுதான். அப்புறம் தினமும் செடியின் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி வரிசையாக ஒட்டுவார்கள். ஒரு வாரத்தில் அதுவே வரைபடமாகிவிடும், எக்ஸ் அச்சு ஒய் அச்சு என்று யாரும் சொல்லாமலே. அந்தத் திட்டத்தில் முன்னின்ற டேவிட் ஹாக்கின்ஸ், குழந்தைகளுக்கு முதலில் பொருளோடு சும்மா அளைந்து விளையாட நேரம் கொடுக்க வேண்டும் என்று 1965-ல் ஒரு கட்டுரையே எழுதினார். (அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸின் வரலாற்றை அதிகாரபூர்வமாக எழுதியவரும் அவரேதான். மனிதர்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் பாருங்கள்.)

அமெரிக்காவுக்குப் பணம் இருக்கு, செய்வான் என்று சொல்லலாம். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-ல் 16 கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் இதே மனப்பான்மையோடு ஒரு அறிவியல் திட்டம் தொடங்கியது. விடை எழுதாத புத்தகம், மலிவான கருவிப் பெட்டி, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் பரீட்சை. 1978-ல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 2002-ல் அரசு அதை நிறுத்திவிட்டது. முப்பது வருஷம் அரசுப் பள்ளிகளில், அரசு ஆசிரியர்களை வைத்து நடந்த விஷயம். ஆகவே 'நம்ம ஊரில் நடக்காது' என்ற பேச்சு எடுபடாது. நம் தமிழ்நாட்டிலும் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பிறகு மாநிலம் முழுக்கப் போனது. அது பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்துக் கையால் செய்ய வைத்தது, நல்ல காரியம். ஆனால் செய்வது வேறு, தெரியாததைக் கேட்டுக் கண்டுபிடிப்பது வேறு. மூன்று விதைச் சோதனையும் ஒரு 'செயல்'தானே.

டார்வின் வீட்டுக் கதை ஒன்று உண்டு. 1855-ல் அவர் விதைகளை உப்புத் தண்ணீர் பாட்டில்களில் ஊற வைத்துக்கொண்டிருந்தார். கடலில் மிதந்து போய் வேறு தீவில் முளைக்குமா என்று பார்க்க. அவருடைய நண்பர் ஹூக்கர் பெரிய தாவரவியலாளர். விதைகள் தாங்காது என்பது அவர் நினைப்பு. டார்வினின் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம், அப்பா ஹூக்கரை ஜெயித்துவிடுவாரா என்று நச்சரித்தார்கள் என்று அவரே நண்பருக்கு எழுதுகிறார். கடைசியில் 87 வகையில் 64 வகை, 28 நாள் உப்புநீரில் கிடந்த பிறகும் முளைத்தன. பிள்ளைகளின் உற்சாகத்துக்குக் காரணம் ரொம்ப எளிமையானது. முடிவு என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியாது, அப்பாவுக்கும்.

அப்படி முடிவு முன்கூட்டித் தெரியாத, ஆனால் ஏழெட்டு வயதுப் பிள்ளை செய்யக்கூடிய சோதனை நெய்வேலியில் என்ன இருக்கிறது? என் பதில்: மண்.

இங்கே நிலக்கரியை எடுக்க ஐம்பது மீட்டருக்கும் மேல் மண்ணை வாரிக் கொட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கொட்டிய மண் மலைமலையாக நிற்பதைப் பார்க்காமல் இங்கே யாரும் வளர்வதில்லை. அடியாழத்திலிருந்து வந்த மண்ணில் மக்கு கிடையாது, சத்தும் குறைவு. அதில் மரம் வளர்க்க என்எல்சி வருஷக்கணக்கில் மெனக்கெட்டிருக்கிறது. மூன்று கொட்டாங்குச்சி வரிசைகள் எடுத்துக்கொள்வோம். ஒன்றில் தோட்டத்துச் செம்மண், ஒன்றில் மண்மேட்டு மண், ஒன்றில் வெறும் பஞ்சு. ஒவ்வொன்றிலும் பத்துக் காராமணி. எது நன்றாக வளரும் என்று முதலில் பிள்ளைகள் கை தூக்கட்டும். (சாம்பல் வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பலில் கன உலோகங்கள் இருக்கும், சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கிற பொருள் இல்லை அது.)

எல்லாரும் செம்மண் என்பார்கள். முதல் வாரம் அவர்கள் ஏமாறத்தான் வாய்ப்பு அதிகம். பஞ்சில் இருப்பதும் மண்ணில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரும். பஞ்சில் சாப்பாடே இல்லையே, எப்படி? விதையின் ரெண்டு பருப்பும்தான் சாப்பாடு. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அது தீர்ந்து விதையிலைகள் சுருங்கி விழுந்த பிறகுதான் மண்ணின் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். பஞ்சுச் செடி முதலில் வெளுக்கும். நம் பள்ளிகளில் பிரச்சினை என்னவென்றால், பஞ்சில் பயறு ரெண்டு இலை விட்டதும் பிராஜெக்ட் முடிந்தது என்று தூக்கிப் போட்டுவிடுகிறோம். சுவாரசியமான பகுதி தொடங்குவதற்கு முந்தைய நாள் திரை விழுந்துவிடுகிறது.

வெளிச்சத்துக்கும் இதே கதி. முளைக்க வெயில் தேவை என்று நம்பும் பெரியவர்களே நிறைய. முளைப்பாரியை இருட்டறையில் வளர்த்துத் தலையில் தூக்கிவரும் ஊர்க்காரர்கள் நாம். அந்த வெளிர் மஞ்சள் நிறம், அந்த நெடுநெடு உயரம் எதனால் என்று எந்தப் பாடப்புத்தகமாவது கேட்கிறதா? ஒரு பானையை இருட்டிலும் ஒன்றை ஜன்னலோரமும் வைத்தால் போதும். இருட்டுச் செடிதான் உயரமாக இருக்கும். உயரம் என்றால் ஆரோக்கியம் என்று நினைக்கும் பிள்ளைக்கு அது நல்ல இடி.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளோடு வீட்டிலேயே செய்யக்கூடியது இன்னொன்று. நூறு கிராம் பச்சைப்பயறை இருட்டில் ஐந்து நாள் முளைக்க விடுங்கள். பாத்திரம் நிரம்பி வழியும், எடை பல மடங்கு இருக்கும். அதை வெயிலில் மொறுமொறுவென்று காய வைத்து மறுபடி நிறுத்தால் நூறு கிராமுக்கும் குறைவாக இருக்கும். இவ்வளவு வளர்ந்த செடி, விதையைவிட இளைத்துப் போயிருக்கிறது! வெளிச்சம் இல்லாமல் கையிருப்பைச் சாப்பிட்டு மூச்சாக விட்டிருக்கிறது. அப்படியென்றால் வெளிச்சத்தில் இருக்கும் செடி எடை போடுகிறதே, அது எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்குப் படித்தவர்களே தடுமாறுவார்கள். 1997-ல் ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் மையம் எடுத்த ஓர் ஆவணப்படத்தில், பட்டம் வாங்கிய எம்ஐடி மாணவர்களிடம் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து இதன் எடை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். மண், தண்ணீர் என்றுதான் பதில் வருகிறது. காற்றிலிருந்து என்றால் நம்ப மறுக்கிறார்கள். அவர்களுக்கு முன்னூறு வருஷம் முன்னால் வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்று நட்டு ஐந்து வருஷம் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். தண்ணீர்தான் மரமானது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு, 1648-ல், இது அச்சில் வந்தது. இதில் ஒரு வேதனையான வேடிக்கை உண்டு. அதே மனிதர்தான் கரியை எரித்து, 62 பவுண்டில் ஒரு பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றாகப் போகிறது என்று சொல்லி அதற்கு 'கேஸ்' என்று பெயர் வைத்தவர். மரம் எதிலிருந்து ஆனதோ அதற்குப் பெயரும் வைத்துவிட்டு, மரத்தையும் வளர்த்துவிட்டு, ரெண்டையும் சேர்க்காமல் போய்விட்டார்.

நெய்வேலிப் பிள்ளைக்கு அதைச் சேர்ப்பது சுலபம். பழுப்பு நிலக்கரியில் மரத்தின் நார் கண்ணாலேயே தெரியும் துண்டுகள் கிடைக்கும். என்றோ நின்ற காட்டின் உடம்பு அது. காற்றிலிருந்து எடுத்ததைப் புகைபோக்கி வழியாகக் காற்றுக்கே திருப்பிக்கொண்டிருக்கிறோம், பிளாக்கிலிருந்து பார்த்தால் தெரிகிற அதே புகைபோக்கி. கொட்டாங்குச்சிக் காராமணிக்கும் அதற்கும் இடையில் ஒரே ஒரு கேள்விதான் தூரம். வேறு எந்த ஊர்ப் பிள்ளைக்கும் இந்த வசதி இவ்வளவு பக்கத்தில் இல்லை.

ஆசிரியர்கள் மேல் பழி போடுவது எனக்கு உடன்பாடில்லை. 40 பிள்ளை, 40 நிமிஷம், முடிக்க வேண்டிய போர்ஷன், பார்வைக்கு வரும் அதிகாரி முதலில் கேட்பது ரெக்கார்டு நோட்டு. எட்டு பேரின் விதை முளைக்காததைப் பற்றிப் பேச அவருக்கு எங்கே நேரம்? பத்து நாள் கழித்து வெளுக்கும் பஞ்சுச் செடிக்காகப் பாடத்தை நிறுத்தி வைக்க யார் விடுவார்கள்? மாற்ற வேண்டியது நோட்டைத் திருத்தும் முறைதான். ரெக்கார்டு நோட்டின் இடது பக்கம் கோடு போடாத வெள்ளைத்தாள், படத்துக்காக. அங்கே புத்தகப் படம் வேண்டாம். தேதி போட்டு, அன்றைக்குக் கண்ணில் பட்டது மட்டும். கோணலாக இருந்தாலும், பூஞ்சை பிடித்திருந்தாலும், ஒன்றுமே முளைக்காவிட்டாலும் அதற்குத்தான் மார்க். சிவப்புப் பேனா வலது பக்கத்தோடு நின்றுகொள்ளட்டும்.

விதை வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மொச்சையும் அவரையும் நாளாகும், பிள்ளைகள் பொறுமை இழப்பார்கள். காராமணி, பச்சைப்பயறு சீக்கிரம் வரும். மளிகைக் கடைப் பயறு பழசாக இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். அதில் பத்து, விவசாயியிடம் வாங்கிய புதுசில் பத்து என்று தனித்தனித் துணியில் போட்டு, எதில் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள்.